மூக்கம்மாள் நீவிய விரல்கள்

உள்ளங்கையை அவள் கன்னத்தில் வைத்துப் பார்த்தார் மலைச்சாமி. ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கைக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டுக் குனிந்து, முழங்கையின் உட்புறத்தை அவள் கன்னத்தோடு ஒட்டி வைத்தார். வெந்நீர் பதமாக இருக்கிறதா என்று அவர் அப்படித்தான் பார்ப்பார்.

மூக்கம்மாளின் கன்னம் மண்பானைத் தண்ணீரைப் போலக் குளிர்ந்திருந்தது.

"இந்தா புள்ள," என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஏ மூக்கி," என்றார்.

விடிந்துகொண்டிருந்தது. ஆடிக் காற்று மலையிலிருந்து இறங்கி ஓட்டுக்கூரையை உலுப்பிக்கொண்டிருந்தது. தினமும் அலுமினியச் சட்டியில் அவள் தண்ணீர் ஊற்றுகிற சத்தத்தில்தான் அவர் கண்விழிப்பார். இன்று அந்தச் சத்தம் வராததால்தான் விழிப்பு வந்தது. முதல் நாள் சாயங்காலம் ஏலக்காய் தரம் பிரிக்கிற ஸ்டோரிலிருந்து வந்தவள், அங்கே நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, "நெஞ்சு கரிக்குது, சோறு வேணாம்," என்று ஒரு துண்டு இஞ்சியை வாயில் அதக்கிக்கொண்டு படுத்தாள். அவ்வளவுதான் நடந்தது. முகத்தில் வலியின் அடையாளம் எதுவும் இல்லை. பக்கத்தில் யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பவள் போல் ஒருக்களித்துக் கிடந்தாள்.

அவருக்கு அழுகை வரவில்லை. பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வெளியே போய் ஒரு குரல் கொடுத்தால் போடிக்கு மேற்கே இருக்கிற அந்தத் தெரு முழுக்க வந்துவிடும். வந்துவிட்டால் பிறகு அவள் அவர்களுடையவள். கொஞ்ச நேரம் போகட்டும் என்று இருந்தார்.

பல வருஷத்துக்கு முன்னால், முதலில் அவர் முதுகில் ஒரு தேமல்தான் வந்தது. தேமல்தானே என்று விட்டுவிட்டார். பிறகு ஒரு நாள் கதிரறுக்கும்போது அரிவாள் விரலைக் கிழித்து ரத்தம் வேட்டியில் சொட்டியது. பக்கத்தில் அறுத்துக்கொண்டிருந்தவன் சத்தம் போட்ட பிறகுதான் அவர் குனிந்து பார்த்தார். வீடு வீடாகச் சோதனைக்கு வந்த சுகாதார ஊழியர் தோலைப் பஞ்சால் தொட்டுப் பார்த்துவிட்டு, தொழுநோய் என்றார், மாத்திரை தின்றால் போய்விடும் என்றார். சொன்னது பொய்யில்லை. நோய் போய்விட்டது. போகும்போது கைநரம்பையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ரெண்டு கையிலும் விரல்கள் உள்ளே மடங்கின. வலது கை ரொம்ப மோசம். சுண்டுவிரல் உள்ளங்கையைக் குத்திக்கொண்டு நின்றது.

அதிலிருந்து தோளில் துண்டு இல்லாமல் அவர் வெளியே போனதில்லை. துண்டு தோளுக்கு அல்ல, கைக்கு. டீக்கடையில், பஸ்ஸில், கோயிலில் எங்கே போனாலும் வலது கை துண்டுக்குள் இருக்கும்.

தொண்ணூற்றியேழில் ஆஸ்பத்திரியில் முகாம் போட்டார்கள் என்று மூக்கம்மாள்தான் பிடிவாதமாகக் கூட்டிப்போனாள். அங்கே ஞானசெல்வி என்று ஒரு பிசியோதெரபி அம்மா. வரிசையில் அவர் முறை வந்ததும், பேச்சுக் கொடுத்துக்கொண்டே துண்டை விலக்கிக் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். இத்தனை பேர் பார்க்க ஒருத்தி தன் கையைப் பிடித்திருப்பது மலைச்சாமிக்குக் கூச்சமாக இருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உணர்ச்சி திரும்பி வராதுங்கய்யா. அத நான் மறைச்சுச் சொல்லமாட்டேன்," என்றாள் ஞானசெல்வி. "ஆனா மடங்குன வெரலு அப்படியே இறுகிப் போகாம பாத்துக்கிறலாம். கைய ஊறவைங்க. எண்ணெ தடவுங்க. தொடைமேல வச்சு ஒவ்வொரு வெரலா நீவி நேராக்குங்க. வெடுக்குன்னு இழுக்கக் கூடாது. நீவணும். நேரான பெறகு கொஞ்ச நேரம் அப்படியே பிடிச்சிருக்கணும். எதப் பிடிச்சாலும் கண்ணால பாத்துப் பிடிங்க. இனிமே உங்க கைக்குக் கண்ணுதான் உணர்ச்சி."

"எத்தன நாளைக்கி டீச்சர்?" என்று கேட்டாள் மூக்கம்மாள். வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் எல்லாரும் அவளுக்கு டீச்சர்தான்.

"எத்தன நாளைக்கிம்மா தல சீவுவீக?"

மூக்கம்மாள் சிரித்துவிட்டாள். "சரித்தான். ஆனா இவுக செய்யமாட்டாக. அந்தக் கையப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிருவாக. எனக்குச் சொல்லிக் குடுங்க."

அப்படி ஆரம்பித்ததுதான். ஒவ்வொரு காலையும் சட்டித் தண்ணீரில் கை ஊறும். ஈரம் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவி, அவர் கையைத் தன் மடியில் மல்லாத்தி வைத்துக்கொள்வாள். உள்ளங்கையிலிருந்து விரல் நுனிவரை கட்டைவிரலால் அழுத்தி நீவுவாள். ஏலக்காயைத் தரம் பிரித்துப் பழகிய விரல்கள். எதற்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

முதலில் கொஞ்ச காலம் அவர் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி இருந்தார். அவள் விடவில்லை. விரல்களோடு பேச ஆரம்பித்தாள். சுண்டுவிரலுக்குத் தன் அண்ணன் பேரை வைத்தாள்.

"இந்த குருசாமிப் பயலப் பாருங்களேன். எல்லாரும் வந்துட்டாக, இவன் மட்டும் வரமாட்டேங்குறான். ஏலே, வாடா. வந்தாத்தான் என்ன கொறஞ்சு போகும்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபோதுதான் தன் கையை முழுசாகப் பார்த்தார்.

கல்யாணத்தன்று சுண்டுவிரலைக் கோத்து மணவறை சுற்றியதோடு சரி. அதற்குப் பிறகு பகல் வெளிச்சத்தில் அவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்ததில்லை. பேச்சும் கம்மிதான். சோறு, தண்ணி, பிள்ளைக்குக் காய்ச்சல். நோய் வந்துபோன பிறகு, பாதி வாழ்க்கை கழிந்த பிறகு, தினமும் விடிகாலையில் கையைக் கொடுத்துவிட்டு எங்கேயும் எழுந்துபோக முடியாமல் உட்கார்ந்திருந்ததால் பேச வேண்டியதாயிற்று. ஸ்டோரில் யாரோடு யாருக்குச் சண்டை, மலைக்கு ஜீப்பில் போனவர்கள் யானையைப் பார்த்து இறங்கி ஓடிய கதை, மகள் பவுனு மாசமாக இருப்பது. மாந்தோப்புக் காவலுக்குப் போகும் இடத்தில் தான் பார்த்த மரநாயைப் பற்றி அவரும் சொல்வார். அவள் கேட்பாள். விரல் ஒன்று ஒன்றாக நேராகும். விட்டால் மறுபடியும் வளையும், ஆனால் இறுகாது. அந்தக் கையால் அவர் சட்டைப் பொத்தான் போட்டார், மண்வெட்டி பிடித்தார், தானே சோறு பிசைந்து தின்றார்.

இப்போது பாயில் கிடந்த அவள் கையைப் பார்த்தார். வலது கை விரல்கள் உள்ளே மடங்கி, ஒரு பிடி ஏலக்காயை அள்ளியது போல் இருந்தன. இன்னும் கொஞ்ச நேரத்தில் அப்படியே இறுகிப்போகும்.

அந்தக் கையை எடுத்துத் தன் தொடைமேல் மல்லாத்தி வைத்தார். அவருடைய விரலுக்குப் பலம் போதாது. மணிக்கட்டுக்குக் கீழே கையின் அடிப்பாகத்தை வைத்து, அவள் உள்ளங்கையிலிருந்து மெல்ல மெல்லத் தள்ளினார். ஆள்காட்டி விரல் நேரானது. நடுவிரல் நேரானது. இழுக்காமல் நீவினார். நேரானதை அப்படியே கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். ஒரு கை முடிந்ததும் சுற்றிப்போய் உட்கார்ந்து மறுகையையும் செய்தார். ரெண்டு கைகளையும் அவள் வயிற்றின்மேல் சேர்த்து வைத்துவிட்டு எழுந்து, பக்கத்து வீட்டுக் கதவை முழங்கையால் தட்டினார்.

"பஞ்சு, செத்த வா. மூக்கம்மா போயிட்டா."

பஞ்சம்மாள் மூக்கம்மாளோடு ஸ்டோரில் ஒரே வரிசையில் உட்கார்ந்து காய் பிரிப்பவள். தலையை முடியாமல் ஓடிவந்தாள். பார்த்தாள். வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மகராசி, தூக்கத்துலயே போயிருக்கா. பூவும் பொட்டுமா போயிருக்கா. யாருக்குண்ணே கெடைக்கும்?" என்றாள். அவருக்கும் அப்படித்தான் பட்டது.

வாசலில் பந்தல் ஏறியது. பஞ்சம்மாளின் வீட்டு செல்போனிலிருந்து சின்னமனூரில் பவுனுவுக்கும் ஜெயமங்கலத்தில் மூக்கம்மாளின் பிறந்த வீட்டுக்கும் தகவல் போனது. பவுனு தன் வீட்டுக்காரன் சின்னக்கருப்போடு வந்து இறங்கியதும் தாயின் மேல் விழுந்து கதறினாள். ஸ்டோர்ப் பெண்கள் கூட்டமாக வந்து மாரடித்தார்கள். அவர்கள் சேலையிலிருந்து வந்த ஏலக்காய் வாசனை ஊதுபத்தி வாசனையை அமுக்கிவிட்டது. மலைச்சாமி ஓரமாகப் பெஞ்சில், வலது கையைத் துண்டுக்குள் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

அழுது ஓய்ந்த பவுனு அவர் காலடியில் வந்து உட்கார்ந்தாள்.

"யப்பா, அழுதுருப்பா. நெஞ்சுல வச்சுக்கிறாத."

"வச்சுக்கிறல ஆத்தா," என்றார். "வரும்போது வரட்டும். உங்கம்மா சந்தோசமாத்தான் இருந்தா. நானும்தான்."

பவுனு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

உச்சி வெயில் சாய்ந்த பிறகு மேளச் சத்தம் தெருமுனையில் கேட்டது. பிறந்த வீட்டுக் கோடிச்சேலை வருகிறது என்றார்கள். முன்னால் குருசாமி வந்தார். பச்சைச் சேலையும் மாலையும் உள்ள தட்டை ரெண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார். நிமிர்ந்த நடை அப்படியேதான் இருந்தது, முடி மட்டும் பஞ்சாகிவிட்டது. அவரைக் கண்டதும் மலைச்சாமிக்கு, காரணமில்லாமல், "எல்லாரும் வந்துட்டாக, இவன் மட்டும் வரமாட்டேங்குறான்," என்று அவள் குரல் காதில் விழுந்தது. வந்த சிரிப்பைத் துண்டால் மறைத்துக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்து யாரோ தோளைத் தட்டினார்கள்.

நோய் என்று தெரிந்த புதிதில் தங்கச்சியைக் கூட்டிப்போக வந்தவர் குருசாமி. வாசலில் நின்றபடியே, "துணிமணிய எடுத்துக்கிட்டுக் கெளம்பு ஆத்தா. பிள்ளையையும் கூட்டிக்க," என்றார். மூக்கம்மாள் உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கக்கூட இல்லை. "அண்ணே, கொழம்பு கொதிக்கப் போகுது. இருந்து சாப்ட்டுப் போறியா, சும்மா போறியா?" என்று மட்டும் கேட்டாள். குருசாமி போய்விட்டார். பவுனு கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் ஆள்மூலமாக வந்தது. அவர் வரவில்லை. ஊரில் நல்லது கெட்டதுகளில் எதிரே பார்த்தால், "நல்லாருக்கியா மாப்ள," என்று தள்ளி நின்று கேட்பார். கோபம் என்றும் சொல்ல முடியாது. ஒரு கை தூரம், அவ்வளவுதான்.

தட்டைப் பவுனுவிடம் கொடுத்துவிட்டுத் தங்கச்சியின் கால்மாட்டில் நின்றார் குருசாமி. மேல்துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு பந்தல்காலைப் பிடித்து நின்றார்.

குளிப்பாட்டிக் கோடிச்சேலை உடுத்தி, மஞ்சள் பூசி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்தார்கள். "பொட்டு வைக்கப் புருசன வரச்சொல்லுங்க," என்றாள் ஒரு பெரிய மனுஷி.

மலைச்சாமி எழுந்தார். நாலு எட்டு வைத்தவர் நின்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அந்தக் கையை இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் பார்த்தது அன்றுதான். குங்குமச் சிமிழுக்குள் கட்டைவிரலை விட்டு, கண்ணால் பார்த்துப் பார்த்து அவள் நெற்றிக்குக் கொண்டுபோய் அழுத்தினார். பொட்டு கொஞ்சம் இடதுபக்கம் ஒதுங்கிவிட்டது. பஞ்சம்மாள் சரிசெய்யக் கை நீட்டினாள்.

"இருக்கட்டும் அத்தே," என்றாள் பவுனு. "அப்பா வச்சபடி இருக்கட்டும்."

பாடை கட்டும் நேரத்தில் ஊர்ப்பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "ஆம்பளப் புள்ள இல்ல. கொள்ளி யாரு வைக்கிறது? மருமகனா, அண்ணன் மகனா?"

"நான் வைக்கிறேன்," என்றார் மலைச்சாமி.

"வைக்கலாம்ப்பா. ஒனக்கில்லாத உரிமையா? ஆனா தண்ணிக் கொடத்தத் தோள்ல வச்சுக்கிட்டுச் சுத்தி வரணும். நடுவுல நழுவிருச்சுன்னா நல்லாருக்காது. பாத்துக்க." பெரியவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சின்னக்கருப்பு, "மாமா, நான் வேணா..." என்று முன்னால் வந்தான். எல்லார் பார்வையும் மலைச்சாமியின் கைமேல் இருந்தது.

மலைச்சாமி வலது கையை இடது கையால் பிடித்து, மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, விரித்துக் காட்டினார்.

"நழுவாது," என்றார்.

கொட்டகுடி ஆற்றங்கரைச் சுடுகாட்டில் காற்று இன்னும் பலமாக இருந்தது. வாய்க்கரிசி போட்டு முடிந்தது. விறகின்மேல் பச்சைச் சேலையின் ஒரு முனை படபடத்தது. ஈரக் குடத்தைத் தூக்கி அவர் வலது தோளில் வைத்தார்கள். குடத்தின் கழுத்தைச் சுற்றி விரல்களை வளைத்துக்கொண்டார். வளைவதில் அந்த விரல்களுக்குச் சிரமம் இல்லை. பிடித்திருக்கிறோமா என்று தெரிந்துகொள்வதில்தான் சிரமம். எதையும் பார்த்துப் பிடித்தே பழகியவர். தோளில் இருக்கிற குடத்தை எப்படிப் பார்ப்பது? தலையைத் திருப்பினால் குடம் சாயும்.

முதல் சுற்று முடிந்ததும் பின்னாலிருந்து அரிவாள் மூக்கால் குடத்தில் ஒரு கொத்து. தண்ணீர் பீச்சிக்கொண்டு முதுகில் வழிந்தது. தோள் வழுக்கியது. ரெண்டாவது சுற்றில் காலடியில் ஒரு கல் இடறியது. குடம் கழுத்துப் பக்கமாகச் சாய்வது போல் பட்டது. நிஜமாகவே சாய்கிறதா, நினைப்பா? விரல் இருக்கிறதா, விலகிவிட்டதா? மூக்கி, மூக்கி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நடந்தார்.

கொஞ்ச தூரத்தில் குடம் அசையாமல் நின்றுவிட்டது. கனம் மாறவில்லை, ஆட்டம் மட்டும் இல்லை. யாரோ பக்கத்தில் கூட நடப்பது போலிருந்தது. கீழே பார்த்தார். தன் காலுக்கு இணையாக இன்னொரு ஜோடிக் கால், செருப்பில்லாமல், அதே எட்டில் வந்துகொண்டிருந்தது. ரெண்டாவது கொத்து விழுவதற்காக நின்றபோது கண்ணை மட்டும் உருட்டிப் பக்கவாட்டில் பார்த்தார். குடத்தின் கழுத்தில் அவர் விரல்கள் இருந்தன. அந்த விரல்களின் மேல், ஒவ்வொன்றையும் பொத்தி அழுத்தியபடி குருசாமியின் கை இருந்தது.

எப்போதிலிருந்து அது அங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

மூன்றாவது சுற்றையும் ரெண்டு பேருமாக நடந்தார்கள். தலைமாட்டில் வந்ததும் குருசாமி கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார். மலைச்சாமி திரும்பிப் பார்க்காமல் குடத்தைப் பின்னால் போட்டு உடைத்தார். கொள்ளியைக் கையில் கொடுத்தபோது அதைக் கண்ணால் பார்த்துப் பிடித்தார். சூடு எதுவும் தெரியாத கை நடுங்காமல் வைத்தது. அப்போதுதான் அழுகை வந்தது. பெரிய சத்தமில்லை. பெருமூச்சு போல வந்து, வந்தது தெரியாமல் அடங்கியது. அதன் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது.

தீ நன்றாகப் பற்றியதும் எல்லாரும் ஆற்றுக்கு இறங்கினார்கள். மலையில் மழை பெய்திருந்ததால் தண்ணீர் முழங்கால் அளவுக்கு ஓடியது. ஆட்கள் அவசரமாக முங்கி எழுந்து, சின்னக்கருப்பின் பின்னால் ஊரைப் பார்க்க நடந்தார்கள். மலைச்சாமி மட்டும் பாறையில் உட்கார்ந்து நிதானமாகக் குளித்தார். குருசாமியும் போகவில்லை. கொஞ்சம் மேலே, மலைச்சாமி குளித்த தண்ணீர் தன் பக்கம் வராத இடத்தில் உட்கார்ந்தவர், பிறகு எழுந்து கீழே வந்து பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தார்.

"தண்ணி சில்லுன்னு இருக்கு மாப்ள."

"எனக்கு முழங்கைக்கு மேலதான் தெரியும் மச்சான்."

குருசாமி அவரைப் பார்த்தார். கேலியா, சோகமா என்று விளங்காமல் இருந்து, அப்புறம் தானும் லேசாகச் சிரித்தார்.

"கடேசி வரைக்கும் அவ நல்லாத்தான இருந்தா?"

"நல்லா இருந்தா. நேத்துச் சாயங்காலம் ஸ்டோர்ல நடந்தத ஒண்ணு விடாமச் சொல்லிட்டுத்தான் படுத்தா."

"பேச்சு நிக்காதே அவளுக்கு. சின்னதுலேருந்தே."

"நிக்கல," என்றார் மலைச்சாமி.

மேற்கே குரங்கணி மலைகள் மேகத்துக்குள் இருந்தன. இந்தப் பக்கம் வெயில் இன்னும் மிச்சமிருந்தது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மலைச்சாமி வேட்டியைப் பிழிய முயன்றார். முறுக்குவதற்கு அவர் கை ஒத்துவராது. குருசாமி ஒரு முனையை வாங்கிக்கொண்டார். ஆளுக்கொரு பக்கமாக நின்று முறுக்கினார்கள். தண்ணீர் மணலில் கொட்டியது. பிறகு குருசாமி வேட்டியை விரித்து உதறி, ரெண்டு மூலைகளைத் தன் கையில் வைத்துக்கொண்டு மற்ற ரெண்டையும் மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

காய வைத்தபடியே கரையேறி நடந்தார்கள். தோப்பைத் தாண்டி வெட்டவெளிக்கு வந்ததும் மலைக்காற்று வேட்டிக்குள் புகுந்தது. வேட்டி பெரிதாக உப்பி எழும்பி ரெண்டு பேர் கைகளையும் தலைக்கு மேலே தூக்கியது. மலைச்சாமி, மூலைகளைப் பிடித்திருந்த தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நடந்தார்.